அண்ணாச்சி, உங்கள் மகள் கையேந்தப் போகவில்லை

அண்ணாச்சிக்கு வணக்கம்.

போன வாரம் நீங்கள் கடையிலிருந்தே பேசினீர்கள். நடுவில் யாரோ துவரம்பருப்பு விலை கேட்டார். அவருக்குச் சொல்லிவிட்டு மறுபடி என்னிடம் வந்தீர்கள். வேறு என்ன பேசினாலும் ஒரு கேள்வியை மட்டும் மூன்று தடவை கேட்டீர்கள்: "பி.காம். படிக்க வச்சது ஊர் ஊராப் போய் கை நீட்டவா சார்?" வியாபார நேரத்தில் அதற்கு ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. அதனால் எழுதுகிறேன். இந்தக் கடிதத்தைப் பாப்பாவும் படிக்கட்டும்.

பாப்பாவுக்கு மதுரையில் ஒரு தொண்டு நிறுவனத்தில் நிதி திரட்டும் வேலை. ஆர்டர் கைக்கு வந்துவிட்டது. வங்கித் தேர்வுக்குப் படி என்கிறீர்கள் நீங்கள், இதில்தான் சேருவேன் என்கிறாள் அவள். வீட்டில் நான்கு நாளாகப் பேச்சில்லை. இதுதானே நிலைமை?

சரி, உங்கள் ஊரிலிருந்தே தொடங்குவோம். விருதுநகரில் கடை வைத்திருப்பவருக்கு மகமை என்றால் என்னவென்று நான் சொல்ல வேண்டியதில்லை. வியாபாரிகள் சரக்குக்கு இவ்வளவு என்று ஒதுக்கிய காசும், வீட்டுக்கு வீடு பெண்கள் உலை வைக்கும்போது எடுத்துவைத்த பிடி அரிசியும் சேர்ந்துதான் காமராஜர் படித்த சத்திரிய வித்தியாசாலையை வளர்த்தன. அந்த அரிசியை வீடு வீடாகப் போய் வாங்கியவரை உங்கள் ஊரில் யாரும் பிச்சைக்காரர் என்று சொல்லவில்லை. உள்ளே கூப்பிட்டு மோர் கொடுத்திருப்பார்கள். பள்ளிக்கூடம் கண்ணெதிரே நின்றது, கணக்குக் கேட்டால் சொல்ல ஆள் இருந்தது, அதனால் மறுபடியும் அரிசி விழுந்தது. உங்கள் மகளின் வேலையில் முக்கால்வாசி இந்தக் கணக்குச் சொல்லும் வேலைதான். கேட்பது மிச்சம் கால்வாசி.

நான் இதை வெளியிலிருந்து பார்த்துச் சொல்லவில்லை. ஆலோசகன் ஆவதற்கு முன், மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான ஒரு பள்ளியில் மூன்று வருடம் கணக்கு எழுதினேன். ரசீது போடுவதும் நான்தான். அங்கே தபால் துறையில் ஓய்வுபெற்ற ஒரு பெரியவர் வருடம் தவறாமல் ஆயிரம் ரூபாய் அனுப்புவார். மறைந்துபோன மனைவியின் நினைவு நாளில் பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு. தபால்காரர் இல்லையா, பணம் எப்போதும் மணியார்டரில்தான் வரும். ரசீது மனைவி பெயரில் வேண்டும் என்பார். அப்படியே போட்டுக் கொடுப்போம்.

ஒரு வருடம் எங்களுக்குப் புதிதாகக் கம்ப்யூட்டர் வந்தது. நன்கொடை கொடுத்தவர்கள் எல்லோருடைய பெயரையும் ஏற்றினேன். பிறந்தநாள் தெரிந்தவர்களுக்கு வாழ்த்து மடல் அச்சடித்து அனுப்பினேன். எனக்கு அதில் ஒரே பெருமை. பத்து நாள் கழித்து அந்தப் பெரியவர் பஸ் பிடித்து நேரில் வந்தார். சட்டைப் பையிலிருந்து மடலை எடுத்து மேசையில் வைத்து, மடிப்பை விரலால் நீவி விட்டார். 'பல்லாண்டு வாழ வாழ்த்துகிறோம்' என்று அவர் மனைவி பெயருக்குப் போயிருந்தது.

"ரசீது அவ பேர்ல கேட்டது நான்தான் தம்பி. ஆனா இது..." என்றார். அதற்கு மேல் பேசவில்லை.

எனக்கு வாய் வரவில்லை. அங்கே மூத்தவராக இருந்த அக்கா ஒருவர்தான் எழுந்து வந்து, "சாப்பாட்டு நேரம், பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டுட்டுப் போங்க சார்" என்று அவரைக் கூட்டிக்கொண்டு போனார். அடுத்த வருடமும் ஆயிரம் ரூபாய் வந்தது. மணியார்டர் படிவத்தில் செய்தி எழுதும் இடத்தில் ஒரு வரி: 'கடிதம் எதுவும் அனுப்ப வேண்டாம்.'

இந்த வேலையின் சூட்சுமம் எல்லாம் எனக்கு அந்த ஒரு வரியில் இருக்கிறது. நம் வீட்டுக் கல்யாணத்தில் மொய் எழுத யாரை உட்கார வைப்போம்? கையெழுத்து நன்றாக இருந்தால் மட்டும் போதாது. எந்த ஊர், யார் வகையறா, போன தடவை என்ன செய்தார், இப்போது அவர் வீட்டில் என்ன நிலைமை என்று தெரிந்தவராகப் பார்த்துத்தான் உட்கார வைப்போம். நிறுவனங்கள் 'டோனர் டேட்டாபேஸ்' என்று ஆயிரக்கணக்கில் செலவழித்து வாங்குவதும் மொய் நோட்டுதான். ஒரே வித்தியாசம், மொய் திரும்பி வரும். நன்கொடை கொடுத்தவருக்குத் திரும்பப் போவது செய்தி மட்டும்தான். அந்தச் செய்தியும் ஒழுங்காகப் போகாவிட்டால் இரண்டாம் தடவை அவர் ஏன் கொடுக்க வேண்டும்? முதல் தடவை கொடுத்துவிட்டுக் காணாமல் போகிறவர்கள்தான் இந்தத் துறையின் பெரிய தலைவலி. ஒரு புது வாடிக்கையைப் பிடிப்பதற்கும் பழைய வாடிக்கையை விடாமல் வைத்திருப்பதற்கும் ஆகும் செலவு உங்களுக்கே தெரியும்.

இனி படிப்பு வீணாகுமா என்ற கேள்விக்கு வருகிறேன். பி.காம். இங்கே மற்ற பட்டங்களைவிட நன்றாகவே உதவும். நன்கொடை கொடுத்தவருக்கு 80ஜி வரிச் சலுகை வேண்டுமென்றால் 2000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாக வாங்கக் கூடாது. வருடம் முழுக்க வந்த நன்கொடைகளை, கொடுத்தவரின் பான் எண்ணோடு, மே 31க்குள் வருமான வரித் துறைக்குத் தாக்கல் செய்து ஒவ்வொருவருக்கும் சான்றிதழ் கொடுக்க வேண்டும். பான் எண்ணில் ஓர் எழுத்து தவறினால் ஜூலையில் அவருடைய ஆடிட்டர் போன் போடுவார். புதிய வரி முறைக்கு மாறியவருக்கு இந்தச் சலுகையே கிடையாது. அதைப் பணம் வாங்குவதற்கு முன்பே சொல்லிவிடுவதுதான் மரியாதை. வாங்கிய பிறகு சொன்னால் ஏமாற்றியது போல ஆகிவிடும். இதெல்லாம் கணக்குத் தெரிந்த பிள்ளைக்குத்தான் கைவரும்.

கம்பெனிகளின் சி.எஸ்.ஆர். பணம், அதாவது சமூகப் பொறுப்புக்கான பணம், தனி உலகம். 2013ஆம் வருடக் கம்பெனிச் சட்டத்தின்படி, நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1000 கோடி, நிகர லாபம் 5 கோடி, இவற்றில் ஏதாவது ஒன்றை எட்டிய கம்பெனி, முந்தைய மூன்று வருடச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட்டாக வேண்டும். அந்தப் பணத்துக்குத் திட்ட அறிக்கை எழுத வேண்டும், பட்ஜெட் போட வேண்டும், மூன்று மாதத்துக்கு ஒரு தடவை செலவுக் கணக்குக் காட்ட வேண்டும். பிப்ரவரி, மார்ச்சில் தூக்கம் இருக்காது. வங்கியிலும் மார்ச்சில் இருக்காதுதான்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இதே வேலையைப் பெரிய கல்வி நிறுவனங்களும் ஆள் வைத்துச் செய்கின்றன. சென்னை ஐ.ஐ.டி. 2023-24ல் மட்டும் முன்னாள் மாணவர்களிடமிருந்தும் கம்பெனிகளிடமிருந்தும் 513 கோடி ரூபாய் திரட்டியது. 2024 ஆகஸ்டில் கிருஷ்ணா சிவுகுலா என்ற முன்னாள் மாணவர் ஒருவரே 228 கோடி கொடுத்தார். அவர் அங்கே எம்.டெக். முடித்தது 1970ல். அரை நூற்றாண்டுக்கு முன் படித்துவிட்டு வெளிநாடு போனவரோடு கல்லூரிக்கு இன்னும் பேச்சுவார்த்தை இருக்கிறது என்றால், அதற்கென்று உட்கார்ந்து வேலை பார்த்தவர்கள் இருக்கிறார்கள் என்று அர்த்தம். மருத்துவமனைகளிலும் இப்படி ஆள் தேடுகிறார்கள். சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனையை டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954ல் தொடங்கியபோது அது 12 படுக்கைகள்தான். அதற்கான பணத்தை அவரே பலரிடம் கேட்டுத் திரட்டினார். அவர் கேட்டதைக் கேவலம் என்று நீங்களும் சொல்ல மாட்டீர்கள், நானும் சொல்ல மாட்டேன்.

ஆனால் எல்லாவற்றையும் சர்க்கரை தடவிச் சொல்ல எனக்கு மனமில்லை. தொடக்கச் சம்பளம் வங்கி கிளர்க் சம்பளத்தைவிடக் குறைவுதான். முதல் சில வருடங்களுக்கு அப்படியேதான் இருக்கும். வேலை நிரந்தரம் என்று யாரும் எழுதித் தர மாட்டார்கள். மாப்பிள்ளை வீட்டார் கேட்டால் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கும். இந்த வேலையை 'டெவலப்மென்ட் ஆபீசர்' என்று சொன்னால் எல்.ஐ.சி.யா என்பார்கள்.

ஆகவே சேரலாமா என்பதைவிட எந்த இடத்தில் சேருகிறாள் என்பதைத்தான் நான் பார்ப்பேன். அந்த நிறுவனத்தின் மூன்று வருடத் தணிக்கைக் கணக்கைக் கேட்கச் சொல்லுங்கள். கொடுக்கத் தயங்கினால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். கொடையாளரிடம் கணக்குச் சொல்லும் வேலைக்கு வருகிறவளுக்கே கணக்குக் காட்டாத இடம் அது. 80ஜி பதிவு இருக்கிறதா, அதன் கெடு எப்போது முடிகிறது, தொண்டு நிறுவனங்கள் பதிவு செய்யும் நிதி ஆயோக்கின் தர்பன் தளத்தில் பெயர் இருக்கிறதா என்று அவளே பார்த்துவிடலாம். அப்புறம் வெளிநாட்டுப் பணம். மொத்த வரவில் அது எவ்வளவு என்று கேட்க வேண்டும். அதை வாங்குவதற்கான எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவை ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்க வேண்டும். அந்தப் பணம் டெல்லியில் உள்ள ஸ்டேட் வங்கியின் குறிப்பிட்ட ஒரு கிளைக் கணக்கில்தான் முதலில் வந்து இறங்க வேண்டும். 2020ல் சட்டத்தைத் திருத்தியபோது நிர்வாகச் செலவுக்கான வரம்பையும் 50 சதவீதத்திலிருந்து 20ஆகக் குறைத்துவிட்டார்கள். முக்காலே மூணுவீசம் வெளிநாட்டுப் பணத்தில் ஓடும் இடத்தில் புதுப்பிப்பு நின்றுபோனால், சம்பளமும் நிற்கும்.

இதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. ஆர்டரில் சம்பளம் நிலையானதா, அல்லது வசூலில் இத்தனை சதவீதம் என்று இருக்கிறதா? சதவீதம் என்றால் வேண்டாம். உலக அளவில் நிதி திரட்டுபவர்களின் சங்கங்கள் இதை ஒழுக்க விதியாகவே தடுத்திருக்கின்றன. காரணம் எளிது. ஆயிரம் ரூபாய் கொடுத்த அந்தப் பெரியவரிடம் கமிஷனுக்கு வேலை செய்கிறவள் எப்படிப் பேசுவாள்? அவருடைய மனைவியின் நினைவு நாள் அவளுக்கு அந்த மாத டார்கெட் ஆகிவிடும். மால் வாசலில் டேப்லெட்டோடு நின்று, போகிறவர் வருகிறவரிடம் மாதத் தவணைக்குக் கையெழுத்து வாங்கும் ஏஜென்சி வேலையும் இதே துறை என்ற பெயரில்தான் வரும். அது தப்பான தொழில் என்று சொல்ல மாட்டேன். ஆனால் தினமும் இத்தனை பேர் என்ற கெடுபிடியில் ஆறு மாதத்தில் சலித்து வெளியே வந்த பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

வயதைப் பற்றிக் கவலைப்பட்டீர்கள். அவளுக்கு 21. வங்கி கிளர்க் தேர்வைப் பொதுப் பிரிவினரே 28 வயது வரை எழுதலாம். இரண்டு வருடம் இதில் இருந்து பார்த்துவிட்டுத் திரும்பினாலும் அந்தக் கதவு திறந்துதான் இருக்கும். ஆனால் இரண்டையும் சேர்த்துச் செய்கிறேன் என்று அவள் சொன்னால் நம்பாதீர்கள், இரண்டும் கெடும். இந்த வேலை பிடித்துப்போனால் எம்.எஸ்.டபிள்யூ. என்ற சமூகப்பணி மேற்படிப்பு படிக்கலாம், சென்னையில் 1952லிருந்து நடக்கும் சமூகப்பணிக் கல்லூரி இருக்கிறது, மும்பையில் டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் இருக்கிறது. அது பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பாப்பா, உனக்கு ஒரு பத்தி. கேட்கக் கூச்சமாக இருக்குமே என்று பயப்படாதே, கூச்சம் இருப்பது நல்லது. கூச்சமே இல்லாதவர்களிடம்தான் ஜனங்கள் பர்சை மூடுகிறார்கள். தமிழில் பிழையில்லாமல் ஒரு நன்றிக் கடிதம் எழுதப் பழகு, ஆங்கிலத்தில் ஒரு பக்கத் திட்டக் குறிப்பு எழுதப் பழகு, எக்ஸெலை விட்டுவிடாதே. அன்னதானத்துக்குக் கொடுப்பவர் ஆயிரம் பேர் இருப்பார்கள். அந்த அடுப்படியின் கரண்ட் பில்லுக்கும் சமையல்காரம்மா சம்பளத்துக்கும் கொடுப்பவர் பத்துப் பேர்தான் இருப்பார்கள். அந்தச் செலவை மறைத்துக் கேட்காமல் சொல்லிக் கேட்கத் தெரிந்தால் நீ தேறிவிட்டாய். அதற்குப் பயிற்சி வேண்டுமென்றால் கொஞ்ச நாள் கடையில் உட்கார்ந்து, அப்பா பற்று நோட்டைப் புரட்டி பாக்கி கேட்பதைக் கவனி. நாலு பேர் முன்னால் கேட்க மாட்டார். முதல் வார்த்தையாகவும் கேட்க மாட்டார். "மகனுக்கு வேலை கிடைச்சிருச்சா?" என்றுதான் ஆரம்பிப்பார். கையில் இல்லை என்று சொல்பவரிடமும் முகம் சுளிக்காமல் சரக்குக் கட்டிக் கொடுப்பார். இதைக் கற்றுத் தர எந்தக் காலேஜும் இல்லை.

அண்ணாச்சி, ஆர்டரின் இரண்டாம் பக்கத்தில் 'இன்சென்டிவ்' என்று ஒரு வரி இருப்பதாகப் பாப்பா சொன்னாள். அந்தப் பக்கத்தை மட்டும் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். பதில் சொல்லத் திங்கட்கிழமை வரை கெடு கொடுத்திருக்கிறார்கள். சனிக்கிழமைக்குள் வந்துவிட்டால் படித்துப் பார்த்து, ஞாயிறு உங்களுக்குக் கடை அரை நாள்தானே, மதியம் கூப்பிடுகிறேன்.