கேட்டுவிட்டுக் கொஞ்சம் காத்திருங்கள்

கேள்வி: என் மகனுக்கு ஒன்றரை வயது. ‘அம்மா’, ‘தா’, ‘பூ’ என்று ஐந்தாறு சொற்கள்தான் பேசுகிறான். பக்கத்து வீட்டுக் குழந்தை அதே வயதில் நிறையப் பேசுகிறது. எழுத்து அட்டைகள், பாட்டுப் பாடும் பொம்மைகள் எல்லாம் வாங்கிக் கொடுத்தும் எதிலும் இரண்டு நிமிடம் உட்கார மறுக்கிறான். பேச்சும் கைத்திறனும் வளர என்ன விளையாட்டுச் சொல்லித்தரலாம்?

பதில்: முதலில் அந்த அட்டைகளை எடுத்து உள்ளே வையுங்கள், சகோதரி. ஓரிடத்தில் உட்காராதது இந்த வயதுக்கு இயல்புதான். பேச்சு வரும் வேகமும் பிள்ளைக்குப் பிள்ளை வெகுவாக மாறும். அடுத்த வீட்டுக் கணக்கு உங்களுக்கு வேண்டாம்.

ஒரு பந்து போதும். தரையில் எதிரெதிரே உட்காருங்கள். “உருட்டட்டுமா?” என்று கேட்டுவிட்டு, பந்தைக் கையிலேயே வைத்திருங்கள். மனதுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். அவன் கையை நீட்டலாம், ‘தா’ எனலாம், உங்கள் முகத்தையே பார்க்கலாம். எதைச் செய்தாலும் அது அவன் பதில். “பந்து வேண்டுமா? இதோ வருகிறது பந்து!” என்று உருட்டிவிடுங்கள். பெரும்பாலான வீடுகளில் கேள்வியைக் கேட்பதும் நாம்தான், மறுநொடியே பதில் சொல்வதும் நாம்தான். பிள்ளை வாயைத் திறக்க இடமே இருப்பதில்லை. பாடும் பொம்மையிலும் இதே சிக்கல்: பொம்மை பேசினால் வீட்டார் பேச்சு குறைந்துவிடுகிறது.

அட்டைப்பெட்டி மூடியில் ஒரு துளை போட்டு, காலுறைகளைத் திணிக்க விடுங்கள். திணிப்பதும் உருவுவதும் விரல்களுக்கு நல்ல வேலை. கூடவே ‘உள்ளே’, ‘வெளியே’, ‘இன்னொன்று’ என்ற சொற்கள் காதில் விழுந்துகொண்டே இருக்கும். குளிக்கும்போது ஒரு குவளையிலிருந்து இன்னொன்றில் தண்ணீர் ஊற்றட்டும். மணிக்கட்டைத் திருப்பப் பழகுவான். வாளித் தண்ணீர் அருகே ஒரு நொடிகூடத் தனியே விடாதீர்கள். நாணயம், பட்டன் பேட்டரி, மணிகள் போன்ற விழுங்கக்கூடிய பொருள்கள் விளையாட்டுக்கு வேண்டவே வேண்டாம்.

“இது என்ன, அது என்ன?” என்று பரீட்சை வைக்காதீர்கள். அவன் கண் போகும் பொருளின் பெயரை நீங்கள் சொல்லுங்கள். அவன் ‘பூ’ என்றால், “ஆமாம், சிவப்புப் பூ” என்று ஒரு சொல் கூட்டிச் சொல்லுங்கள். மழலையைத் திருத்த வேண்டியதில்லை.

ஓடியாடுவதைத் தடுக்காதீர்கள். இந்த வயதில் நாளுக்கு 180 நிமிடமாவது உடல் அசைவு வேண்டும், இரண்டு வயது வரை திரை வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட பரிந்துரை.

வேண்டியதை விரலால் சுட்டிக்காட்டுகிறானா, பெயர் சொல்லி அழைத்தால் திரும்பிப் பார்க்கிறானா, பிடிமானமின்றி நடக்கிறானா என்று கவனியுங்கள். இவற்றில் ஒன்று இல்லாவிட்டாலும், பேசிய சொற்களை இழந்தாலும், இரண்டு வயதாகியும் இரண்டு சொற்களைச் சேர்த்துப் பேசாவிட்டாலும், ‘தானே சரியாகும்’ என்று யார் சொன்னாலும் கேட்காமல் குழந்தைகள் நல மருத்துவரிடம் காட்டுங்கள். செவித்திறன் பரிசோதனையையும் அப்போதே கேட்டுச் செய்துகொள்ளுங்கள்.