வாட்மீட்டர் முள் ஏன் அசையவில்லை?

கேள்வி: கணினியோடு இணைத்து ரேடியோ அலைகளை அனுப்பவும் பெறவும் உதவும் ஹேக்ஆர்எஃப் ஒன் கருவியில் டிரான்ஸ்மிட் கெயினை (அனுப்பும் சிக்னலின் பெருக்கத்தை) முழுசாக 47 டெசிபல் வரை ஏற்றிவிட்டேன். 433 மெகாஹெர்ட்ஸில் அனுப்பினால், என் 100 வாட் மீட்டரின் முள் அசையவே இல்லை. கருவி போய்விட்டதா?

பதில்: நான் முதலில் மீட்டரைத்தான் சந்தேகப்படுவேன். நல்ல நிலையில் இருந்தாலும் இந்தக் கருவி அந்த அலைவரிசையில் தருவது 5 முதல் 15 டிபிஎம்தான். அதாவது ஏறக்குறைய 3 முதல் 30 மில்லிவாட். 100 வாட் மீட்டருக்கு அது கொசுக்கடி. சிக்னலைக் குறைக்கும் 30 டெசிபல் அட்டெனுவேட்டர் போட்டு, அலைவரிசை வாரியாக சிக்னலின் அளவைக் காட்டும் ஸ்பெக்ட்ரம் அனலைசரில் பாருங்கள்.

அங்கேயும் குறைவா? சரி, அப்போது மென்பொருளைப் பாருங்கள். ஒருமுறை நான் இரண்டு ராத்திரி கருவியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தேன். கடைசியில் பார்த்தால், சிக்னலை உருவாக்கும் க்னூ ரேடியோ மென்பொருளில் அதன் வீச்சை 0.1 என்று நானே போட்டு வைத்திருக்கிறேன்! வீச்சு பத்தில் ஒன்றானால் திறன் நூறில் ஒன்றாகிவிடும், 20 டெசிபல் போச்சு. அதற்காக 1-ஐத் தாண்டாதீர்கள், அலை வெட்டுப்பட்டு பக்கத்து அலைவரிசைகளில் குப்பை கொட்டும்.

அப்புறம், ஆர்எஃப் ஆம்ப்ளிஃபயருக்கு 47-இல் சேராத தனி சுவிட்ச் உண்டு. அதைப் போட்டால் சுமார் 10 டெசிபல் ஏற வேண்டும். ஏறாமல் இறங்கினால் அந்தச் சில்லு எரிந்திருக்கிறது.