78 டிகிரியில் ஆல்கஹால் தனியாக வந்துவிடுமா?

கேள்வி: என் கணவர் கிறிஸ்துமஸுக்கு வீட்டிலேயே திராட்சை ஒயின் போடுவார். இணையக் கடை ஒன்றில் 4 லிட்டர் காய்ச்சி வடிக்கும் இயந்திரம் 189 வெள்ளிக்கு விற்கிறார்கள். "ஆல்கஹால் 78 டிகிரியில் கொதிக்கும், தண்ணீர் 100 டிகிரியில். அதனால் 100 சதவீதத் தூய ஆல்கஹால் கிடைக்கும்" என்று விளம்பரம். என் தங்கை வாங்கிவிட்டாள், இன்னும் பிரிக்கவில்லை. நாங்களும் வாங்கலாமா? (சிங்கப்பூர் ஈசூன் வாசகி)

பதில்: வாங்காதீர்கள். அந்த இரண்டு கொதிநிலைகளும் சரிதான், அதிலிருந்து எடுத்த முடிவுதான் தவறு.

78, 100 என்பதெல்லாம் தனித்தனியாக இருக்கும்போது. கலந்துவிட்டால் கலவைக்கென்று ஒரு கொதிநிலை வந்துவிடும். 10 சதவீத ஒயின் கொதிக்கத் தொடங்குவதே 90 டிகிரியைத் தாண்டித்தான். எழும் ஆவியில் தண்ணீரும் சேர்ந்தே இருக்கும், ஆல்கஹாலின் பங்கு மட்டும் கூடியிருக்கும். முதல் சொட்டுகளில் ஏறக்குறைய பாதி ஆல்கஹால் என்றால், போகப்போக அது குறைந்து கடைசியில் வெறும் தண்ணீர்தான் விழும். ஆலைகளில் உயரமான கோபுரத்துக்குள் ஆவியைத் திரும்பத் திரும்பக் குளிரவைத்து, மறுபடி ஆவியாக்குவார்கள். அப்படியும் எடையில் 95.6 சதவீதத்தோடு நின்றுவிடும். அந்த அளவை எட்டியதும் திரவத்தில் இருக்கும் விகிதமே ஆவியிலும் வருவதால், எவ்வளவு காய்ச்சினாலும் மேலே ஏறாது. அப்புறம் 100 சதவீதம் எங்கிருந்து வரும்?

இதே மாதிரி இயந்திரத்தை நண்பர் வீட்டில் தண்ணீர் ஊற்றி ஓடவிட்டுப் பார்த்திருக்கிறேன். மூடியில் விசிறி சுற்றிக்கொண்டே இருக்கும், மூக்கிலிருந்து சொட்டுச் சொட்டாக வடியும். வெப்பத்தைக் கூட்டிக் குறைக்க வழியில்லை. பாத்திரம் வற்றும்வரை முழுச் சூட்டில் கொதிக்கும். தண்ணீருக்குப் பரவாயில்லை. ஆல்கஹால் என்றால், குளிராமல் தப்பும் ஆவி காற்றைவிடக் கனமானது, மேடையோடு தவழ்ந்து போகும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுச் சமையலறையில் இரண்டடி தள்ளி எரிவாயு அடுப்பு. எனக்கு நிஜமாகவே பயமாக இருக்கிறது.

சட்டமும் இதற்கு இடம் தரவில்லை. சொந்தப் பயனுக்காக ஒரு வீட்டில் மாதம் 30 லிட்டர் வரை ஒயின், பீர் புளிக்கவைக்க உரிமம் தேவையில்லை. ஆகவே உங்கள் கணவரின் ஒயினுக்குச் சிக்கல் இல்லை. வீட்டில் அதைக் காய்ச்சி வடிப்பதற்குத்தான் அனுமதி கிடையாது.

சரி, தங்கையின் பணம்? விளம்பரப் பக்கத்தை இன்றே படம் பிடித்து வைக்கச் சொல்லுங்கள், விற்பவர் அந்த வாசகத்தை மாற்றிவிடலாம். ரசீதும் உரையாடலும் பத்திரம். பொருளைப் பற்றிப் பொய்யாகச் சொல்லி விற்பது பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வணிகம். "100 சதவீதம்" என்ற அந்த வரியைக் காட்டி, முதலில் விற்பவரிடமும் இணையத்தளத்திடமும் எழுத்தில் பணத்தைத் திரும்பக் கேட்கட்டும். மறுத்தால் பயனீட்டாளர் சங்கம் இருக்கிறது, அதற்கும் மேலே சிறு கோரிக்கை நடுவர் மன்றம். விற்பவர் வெளிநாட்டில் இருந்தால் இந்த வழிகள் எளிதில் எட்டாது. இணையத்தளம் தரும் முறையீட்டுக் கெடு முடிவதற்குள் அங்கேயே முந்திக்கொள்வது நல்லது. பெட்டியைப் பிரிக்கவே வேண்டாம்.