நரம்பு செல்களுக்கு ஆன்டிஆக்சிடன்ட்: சில கேள்விகள், பதில்கள்

ஆக்சிஜனேற்றப் பாதிப்பு (ஆக்சிஜனிலிருந்து உருவாகும் தீவிர மூலக்கூறுகள் செல்லைக் கெடுப்பது) எல்லா செல்களுக்கும் பொதுதானே? மூளையை மட்டும் ஏன் தனியாகச் சொல்கிறார்கள்?

உடல் எடையில் மூளை 2 சதவீதம்தான். ஆனால் உடல் செலவழிக்கும் ஆக்சிஜனில் சுமார் 20 சதவீதம் அதற்கே போகிறது. செல்லின் ஆற்றல் நிலையமான மைட்டோகாண்ட்ரியா அந்த ஆக்சிஜனை வைத்து ஆற்றல் தயாரிக்கும்போது, சூப்பர் ஆக்சைடு என்ற தீவிர மூலக்கூறு கொஞ்சம் கசியும். நரம்பு செல்லின் சவ்விலோ எளிதில் கெடக்கூடிய கொழுப்பு அதிகம். ஒரு மூலக்கூறு கெட்டால் பக்கத்தில் இருப்பதையும் இழுத்துக்கொண்டு போகும். போதாததற்கு, இறந்த நரம்பு செல்லின் இடத்துக்குப் பெரும்பாலும் புதியது வருவதில்லை.

ஆன்டிஆக்சிடன்ட் (அந்தப் பாதிப்பைத் தடுக்கும் பொருள்) அங்கே என்னதான் செய்கிறது?

முக்கால்வாசி வேலையை உடல் தானே தயாரிப்பவைதான் பார்க்கின்றன. விளம்பரங்கள் இதைச் சொல்வதில்லை. சூப்பர் ஆக்சைடு டிஸ்மியூட்டேஸ் என்ற நொதி, சூப்பர் ஆக்சைடை ஹைட்ரஜன் பெராக்சைடாக மாற்றும். அதையும் சும்மா விட முடியாது. இரும்பு அயனியோடு சேர்ந்தால் அதைவிட மோசமான ஹைட்ராக்சில் ராடிக்கல் உருவாகும். அதற்குள், உடலே தயாரிக்கும் ஆன்டிஆக்சிடன்டான குளுட்டாதயோனின் துணையோடு இன்னொரு நொதி அதைத் தண்ணீராக்கிவிட வேண்டும். இந்தக் குளுட்டாதயோனுக்கான மூலப்பொருளுக்கு நரம்பு செல்கள் பக்கத்தில் துணைக்கு இருக்கும் ஆஸ்ட்ரோசைட் செல்களைத்தான் பெரிதும் நம்பியிருக்கின்றன. வைட்டமின் ஈ சவ்வுக்குள்ளேயே இருந்து கொழுப்பு கெடும் சங்கிலியை அறுக்கும். அதில் செயலிழந்த வைட்டமின் ஈ-யை வைட்டமின் சி மீட்டுக்கொடுக்கும்.

அப்பாவுக்கு பார்க்கின்சன் (மூளையின் சில நரம்பு செல்கள் அழிந்து, உடல் நடுங்கும் நோய்). வைட்டமின் ஈ, கோஎன்சைம் க்யூ10 மாத்திரை வாங்கிக் கொடுக்கலாமா?

இதற்காக வாங்க வேண்டாம் என்பேன். பார்க்கின்சன் நோயாளிகளிடம் நடத்தி 1993-ல் வெளிவந்த டேட்டாடாப் ஆய்வில் தினமும் 2,000 யூனிட் வைட்டமின் ஈ கொடுத்தும் நோயின் வேகம் குறையவில்லை. உடலே தயாரிக்கும் இன்னொரு ஆன்டிஆக்சிடன்டான கோஎன்சைம் க்யூ10-ஐ 2,400 மில்லிகிராம் வரை கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வின் முடிவு 2014-ல் வந்தது. அதிலும் பலன் இல்லை. ஆய்வகத் தட்டில் செல்லின் மேலேயே மருந்தை ஊற்றலாம். உடலில் அது ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே உள்ள தடுப்பைத் தாண்ட வேண்டும். தவிர, நடுக்கம் தெரியும்போதே ஏராளமான செல்கள் போயிருக்கும். எதைச் சேர்ப்பதானாலும் அவருடைய நரம்பியல் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

அப்போ யாருக்குமே பலன் கிடையாதா?

உண்டு. மரபணுக் கோளாறால் ரத்தத்தில் வைட்டமின் ஈ நிற்காமல், நடை தள்ளாடும் அரிய நோய் ஒன்று இருக்கிறது. அவர்களுக்கு அதிக அளவு வைட்டமின் ஈ-தான் மருந்து, சீக்கிரம் தொடங்கினால் நோய் முற்றாமல் தடுக்கலாம்.

கூடுதலாகச் சாப்பிட்டால் கெடுதல் இல்லையே?

இருக்கிறது. ஃபின்லாந்தில் புகைபிடிப்பவர்களுக்கு பீட்டா கரோட்டின் என்ற ஆன்டிஆக்சிடன்ட் கொடுத்த ஆய்வில் நுரையீரல் புற்றுநோய் கூடியது (1994). அதிக வைட்டமின் ஈ ரத்தம் உறைவதைக் குறைக்கும். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மருந்து எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது.