வாசகர் கேள்வி பதில்: கையில் சுழற்சி குறைந்துவிட்டது, எந்தப் பந்து வாங்குவது?

கேள்வி: வயது 54. இருபது வருடமாக டென்பின் பவுலிங் ஆடுகிறேன், வாராவாரம் அலுவலக லீக் உண்டு. மணிக்கட்டு வலி வந்த பிறகு பந்தை விடும்போது பழைய சுழற்சி வருவதில்லை. நண்பர்கள் சொன்னார்கள் என்று கடையில் இருந்ததிலேயே அதிகமாக வளையும் பந்தை, மேல்புறம் மங்கலான ரீஆக்டிவ் (தரையை நன்றாகப் பிடிக்கும் பிசின் பரப்புள்ள பந்து), 15 பவுண்டு, வாங்கிவிட்டேன். பாக்கெட்டுக்கு, அதாவது முதல் பின்னுக்கும் மூன்றாம் பின்னுக்கும் நடுவே, போகிறது, ஆனால் பஞ்சு மூட்டை விழுந்த மாதிரி அடிக்கிறது, வலது ஓரத்தில் கடைசி வரிசையிலுள்ள 10-ஆம் பின் அப்படியே நிற்கிறது. சராசரி 168-லிருந்து 155-க்கு வந்துவிட்டது. இதைவிட பலமான பந்து வாங்கலாமா? (கிள்ளான் வாசகர்)

பதில்: வேண்டாம், தயவுசெய்து இப்போது எதுவும் வாங்காதீர்கள். கை பலவீனமானால் பந்து பலமாக இருக்க வேண்டும் என்ற பேச்சு எல்லா லேனிலும் கேட்கிறது. அது பாதிதான் உண்மை, அந்தப் பாதியை நம்பித்தான் நிறையப் பேர் பணத்தை இழக்கிறார்கள்.

ஒரு சின்னக் கணக்கு பார்ப்போம். ஃபவுல் கோட்டிலிருந்து (ஆடுபவர் தாண்டக் கூடாத கோடு) முதல் பின் வரை 60 அடி. பந்தின் சுற்றளவு ஏறக்குறைய 27 அங்குலம். வழுக்காமல் உருண்டு மட்டுமே போனால் அந்தத் தூரத்துக்கு 26, 27 சுற்று வேண்டும். உங்கள் கை நிமிடத்துக்கு 200 சுற்று என்ற அளவில் விடுகிறது, பந்து இரண்டரை விநாடியில் போய்ச் சேருகிறது என்று வைத்துக்கொண்டால், கை கொடுப்பது எட்டுச் சுற்றுக்கு மேல் கொஞ்சம், அவ்வளவுதான். மீதியைக் கொடுப்பது தரையோடு பந்து உரசும் உரசல். லேனின் முன்பகுதியில் எண்ணெய் பூசியிருக்கும் இடத்தில் வழுக்கும், எண்ணெய் தீர்ந்த இடத்தில் பிடிக்கும், பிடித்ததும் வளையும், கடைசியில் நேர் உருட்டலுக்கு வந்துவிடும். அந்த நேர் உருட்டல் பின்னுக்குப் பக்கத்தில் வர வேண்டும். பத்துப் பதினைந்து அடி முன்னாலேயே வந்துவிட்டால் வளைவதற்கு மிச்சம் ஒன்றும் இருக்காது. உங்களுக்கு நடப்பது இதுதான் என்று நினைக்கிறேன்.

நீங்களே பார்த்துவிடலாம். அடுத்த முறை 10-ஆம் பின் நிற்கும்போது அதை விட்டுவிட்டு அதற்கு முன்வரிசையில் இருக்கும் 6-ஆம் பின்னைப் பாருங்கள். அது வேகமாகப் பறந்து 10-ஐச் சுற்றிக்கொண்டு போனால் அடியில் பலம் இருக்கிறது, நிற்கும் இடத்தை ஒரு பலகை (லேன் தரையிலுள்ள ஒரு கீற்று) மாற்றினால் சரியாகிவிடும். 10-க்கு முன்னால் ஓரக் கால்வாயில் சோர்ந்து விழுந்து கிடந்தால் பந்து களைத்துப்போய் வந்து சேர்ந்திருக்கிறது என்று பொருள். முதல் பின்னில் பட்டதும் பந்து வலப்பக்கம் ஒதுங்கிவிட்டது.

அப்புறம் வேகம். பலவீனமான ரிலீஸ் (பந்தைக் கையிலிருந்து விடும் விதம்) உள்ளவர்களில் இரண்டு வகை உண்டு, கடைக்காரர்கள் பலர் இதைக் கேட்பதே இல்லை. சுழற்சி குறைவு, ஆனால் வேகம் அதிகம் என்பது ஒரு வகை. சுழற்சியும் குறைவு, வேகமும் குறைவு என்பது இன்னொன்று. முதல் வகைக்கு நண்பர்கள் சொன்ன பந்து சரி: பந்து பிடிக்க நேரமே இல்லாமல் ஓடிவிடுகிறது என்பதால், 1000 அல்லது 2000 கிரிட்டில் (எண் குறையக் குறையப் பரப்பு சொரசொரப்பு) தேய்த்த சாலிட் (பளபளப்புத் துகள் சேர்க்காத) ரீஆக்டிவ், ஆர்ஜி (எவ்வளவு சீக்கிரம் உருளத் தொடங்கும் என்ற அளவு, எண் குறைந்தால் சீக்கிரம்) 2.48 பக்கம், டிஃபரென்ஷியல் (எவ்வளவு வளையக்கூடும் என்ற அளவு) 0.050 பக்கம் என்று சீக்கிரம் உருண்டு பிடிக்கும் பந்து வேண்டும். இரண்டாவது வகைக்கு அதே பந்து விஷம். மெதுவாகப் போகும் பந்துக்குத் தரை தாராளமாக நேரம் கொடுக்கிறது, அதற்கு மேல் மங்கலான பரப்பும் சேர்ந்தால் பாதி வழியிலேயே சக்தி எல்லாம் தீர்ந்துவிடும்.

நீங்கள் எந்த வகை என்று அறியக் கைபேசி போதும். பந்து கோட்டில் தரையைத் தொடுவதிலிருந்து முதல் பின்னைத் தொடும் வரை நேரம் எடுங்கள். 2.2 விநாடி என்றால் மணிக்கு 30 கிலோமீட்டர், வேகமான ஆட்டம். 2.8 என்றால் 23 அல்லது 24, மெதுவான ஆட்டம். சுழற்சியைப் பார்க்க, பந்தில் ஒரு வெள்ளைப் பட்டையை ஒட்டி, விநாடிக்கு 240 சட்டகம் எடுக்கும் ஸ்லோ மோஷனில் பின்னாலிருந்து யாரையாவது படம் பிடிக்கச் சொல்லுங்கள். பட்டை ஒரு முழுச் சுற்று வர 72 சட்டகம் ஆனால் நிமிடத்துக்கு 200 சுற்று. 250-க்குக் கீழே இருந்தால் குறைவு என்றே எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அந்த எண்ணை வேகத்தோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

கடிதத்தை வைத்துப் பார்த்தால் நீங்கள் இரண்டாவது வகை. அப்படியென்றால் அதிகச் செலவில்லாத வழி ஒன்று இருக்கிறது: கையில் இருக்கும் பந்தின் பரப்பை 4000 கிரிட்டுக்கு மாற்றி மெருகு போடச் சொல்லுங்கள். முன்பகுதியில் இன்னும் கொஞ்சம் வழுக்கி, பின்பகுதிக்குச் சக்தியைக் கொண்டுபோகும். அதுவும் போதவில்லை என்றால்தான் புதுப் பந்து. அப்போது நடுத்தர பலமுள்ள, சமச்சீர் உள்கருவோடு கூடிய பேர்ல் (பளபளப்புத் துகள் கலந்தது) அல்லது ஹைப்ரிட் (சாலிட்டும் பேர்லும் கலந்தது) ரீஆக்டிவ் கேளுங்கள். எடை 14 பவுண்டு. ஒரு பவுண்டு குறைந்தால் அடி குறையும் என்ற பயம் வேண்டாம். வலிக்கும் மணிக்கட்டில் 15 பவுண்டைத் தூக்கிப் போடும்போது கை பந்துக்கு மேலே புரண்டுவிடும், அப்புறம் எந்தப் பந்தும் உதவாது.

பந்தில் விரல் நுழைக்கும் துளையைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க எனக்கு மனசு வராது. பலவீனமான ரிலீஸ் என்று என்னிடம் வருகிறவர்களின் கட்டைவிரல் துளையை முதலில் பார்ப்பேன். துளை தளர்வாக இருந்தால் பந்து நழுவிவிடுமோ என்று கை தானாக இறுக்கிப் பிடிக்கும். இறுக்கினால் கட்டைவிரலும் மற்ற இரண்டு விரலும் ஒன்றாகவே வெளியே வரும், சுழற்சி அங்கேயே செத்துவிடும். கட்டைவிரல் முதலில் சத்தமில்லாமல் கழல வேண்டும், அதன் பிறகு பந்தின் முழு எடையும் ஒரு கணம் நடுவிரல், மோதிரவிரல் நுனியில் தங்க வேண்டும், அந்த ஒரு கணம்தான் ரிலீஸ். உங்கள் கட்டைவிரல் மூட்டின் மேல்பக்கம் தோல் தடித்திருக்கிறதா, பாருங்கள். தடித்திருந்தால் நீங்கள் இறுக்குகிறீர்கள். துளைக்குள் பட்டை ஒட்டிச் சரிசெய்ய சில நிமிடம் போதும், விரல்களுக்கு இடையிலுள்ள அளவையும் மறுபடி எடுக்கச் சொல்லுங்கள். இருபது வருடம் முன்பு எடுத்த அளவு இன்றைய கைக்குப் பொருந்த வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது.

மனம் தளர வேண்டாம். வால்டர் ரே வில்லியம்ஸ் ஜூனியர் பெரிய வளைவு போடுகிறவர் இல்லை, ஒரே கோட்டில் ஒரே மாதிரி விடுகிறவர். தொழில்முறை ஆட்டக்காரர்களின் அமெரிக்க பிபிஏ சுற்றில் 47 பட்டம் வென்றிருக்கிறார்.

கேள்வி: கட்டைவிரல் வலிக்கிறது. ஆஸ்திரேலிய ஆட்டக்காரர் ஜேசன் பெல்மாண்டே மாதிரி இரண்டு கையால் விட்டால் சுழற்சி கூடுமா? பழைய பந்தையே பயன்படுத்தலாமா? (சிங்கப்பூர் வாசகர்)

பதில்: சுழற்சி நிச்சயம் கூடும். ஆனால் இடுப்பும் முதுகும் வளைந்து கொடுக்க வேண்டும், உங்கள் வயது தெரியாமல் சரி என்று சொல்லத் தயங்குகிறேன். முதுகுவலி இருந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள். பந்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை: 2020 ஆகஸ்டிலிருந்து அமெரிக்க பவுலிங் அமைப்பான யுஎஸ்பிசி விதிப்படி, விடும்போது விரல் வைக்காத துளை பந்தில் இருக்கக் கூடாது. பொழுதுபோக்காக ஆடினால் யாரும் கேட்க மாட்டார்கள். போட்டிக்குப் போவதாக இருந்தால் கட்டைவிரல் துளையை அடைத்துவிட்டுப் போங்கள்.

கேள்வி: வளையும் பந்து வாங்கியாகிவிட்டது. ஸ்பேருக்கு (முதல் வீச்சில் விழாமல் நின்ற பின்களை இரண்டாவது வீச்சில் வீழ்த்துவது) தனியாக ஒரு பிளாஸ்டிக் பந்து அவசியமா? (சென்னை வாசகர்)

பதில்: அவசியம். சுழற்சி குறைவாக இருப்பவருக்கு ஸ்ட்ரைக் (முதல் வீச்சிலேயே பத்துப் பின்னும் விழுவது) குறைவாகத்தான் வரும், ஸ்பேரில்தான் பிழைக்க வேண்டும். பிளாஸ்டிக் பந்து எண்ணெயைச் சட்டை செய்யாமல் நேராகப் போகும், 10-ஆம் பின்னுக்கு அதைவிட நம்பிக்கையான வழி இல்லை. புதுசு வாங்க முடியாவிட்டால் நண்பரின் பழைய பந்தை வாங்கித் துளையை அடைத்து உங்கள் கைக்குத் துளைத்துக்கொள்ளுங்கள். ரீஆக்டிவ் பந்தை மட்டும் ஒவ்வொரு முறை திரும்பி வரும்போதும் துண்டால் துடைத்துவிடுங்கள், அது எண்ணெயைக் குடிக்கும்.