பாங்கோ வலையைவிட டபிள்யூபி-2 வலையில் கோப்பிபாட் ஏழெட்டு மடங்கு கூட வருவது ஏன்?

இரண்டுமே கடலில் மிதக்கும் சிற்றுயிர்களைப் பிடிக்கும் வலைகள்; கோப்பிபாட் என்பது அவற்றில் ஒரு வகை, மிகச் சிறிய ஓட்டுடலி. உங்கள் பாங்கோ வலையில் பழுது எதுவும் இல்லை. நீங்கள் ஒப்பிடுவது இரண்டு வலைகளை அல்ல, இரண்டு கண்ணி அளவுகளை. டபிள்யூபி-2 வலையின் கண்ணி 200 மைக்ரான் (0.2 மில்லிமீட்டர்), உங்கள் பாங்கோவில் 333. வட கடலில் எண்ணிக்கையில் பெரும்பங்கு ஓய்த்தோனா போன்ற ஒல்லியான கோப்பிபாட்கள்தான். நீளம் முக்கால் மில்லிமீட்டர் இருந்தாலும் உடல் அகலம் குறைவு, 333-இல் நழுவிப் போய்விடும். நீளத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள், அகலம்தான் கணக்கு.

சோதித்துப் பார்க்க எளிய வழி: டபிள்யூபி-2 மாதிரியில் ஒரு பங்கை 333 மைக்ரான் சல்லடையில் ஊற்றி, மேலே தங்கியதை மட்டும் எண்ணுங்கள். அது பாங்கோ எண்ணுக்குப் பக்கத்தில் வந்தால் விஷயம் முடிந்தது. அச்சாக ஒத்துப்போகாது, இழுக்கும்போது நீரின் அழுத்தம் மென்மையான உடலைக் கண்ணி வழியே பிதுக்கிவிடும், சல்லடையில் அது நடப்பதில்லை.

அப்புறம், வலை வடிகட்டிய நீரின் கன அளவை எப்படிப் போட்டீர்கள்? டபிள்யூபி-2-இன் வாய்ப்பரப்பு 0.25 சதுர மீட்டர், 100 மீட்டர் இழுத்தால் 25 கன மீட்டர் என்பது காகிதக் கணக்கு. வசந்த காலப் பாசியில் 200 மைக்ரான் வலை சீக்கிரம் அடைத்துக்கொள்ளும், அப்போது வடிகட்டிய நீர் அதைவிடக் குறைவு. வலை வாயில் புகும் நீரை அளக்கும் ஃப்ளோமீட்டரின் அளவை நம்புங்கள்.

இறால் போன்ற கிரில்லுக்கு இந்தக் கண்ணி விளக்கம் பொருந்தாது. அவை வலையைக் கண்டு விலகும், பகலில் இன்னும் அதிகமாக. பகல் இழுப்பையும் இரவு இழுப்பையும் ஒரே அட்டவணையில் சேர்த்துவிடாதீர்கள்.