விளையாட்டுக் கேள்வி பதில்: ஓட்டம் இருக்கிறது, பந்து கையில் நிற்கவில்லையே!

கேள்வி: என் மகன் படிவம் நான்கில் படிக்கிறான். பள்ளியில் 100 மீட்டர் ஓட்டக்காரன். அமெரிக்கக் கல்லூரிக் காற்பந்தை (பந்தைக் கையால் வீசிப் பிடித்து ஆடும் ஆட்டம்) பார்த்துவிட்டு ‘வைட் ரிசீவர்’, அதாவது வீசிய பந்தை ஓடிப் பிடிப்பவன், ஆகப் போகிறேன் என்கிறான். மாலையில் தோட்டத்துத் திடலில் நண்பர்களோடு பயிற்சி. எல்லாரையும் முந்தி ஓடுகிறான். ஆனால் கைக்கு வந்த பந்து நழுவிவிடுகிறது. என்ன குறை?
– ஒரு தந்தை, சுங்கை சிப்புட்

பதில்: கையைக் குறை சொல்லுமுன் கண்ணைப் பாருங்கள். பந்து வந்து சேரும் கடைசி அரை மீட்டரில் அவன் முகம் எங்கே திரும்புகிறது என்று பக்கத்தில் நின்று கவனியுங்கள். பெரும்பாலும் பந்து விரலில் படுவதற்குள்ளேயே, அடுத்து ஓட வேண்டிய பக்கம் தலை திரும்பியிருக்கும். பிடி விடுவது அங்கேதான். பந்து கைக்குள் வந்து கக்கத்தில் அடங்கும்வரை கண் அதைவிட்டு அகலக் கூடாது. இதற்கு எளிய பயிற்சி உண்டு: பழைய டென்னிஸ் பந்துகளில் எண் எழுதி வீசுங்கள், பிடிக்குமுன் எண்ணைச் சொல்லட்டும்.

அடுத்தது விரல். நெஞ்சுக்கு மேலே வரும் பந்துக்கு இரு கட்டைவிரல்களும் ஆள்காட்டி விரல்களும் சேர்ந்து முக்கோணம் ஆக வேண்டும். இடுப்புக்குக் கீழே வந்தால் சுண்டுவிரல்கள் சேர வேண்டும், உள்ளங்கை மேலே பார்க்க வேண்டும். நெஞ்சில் வாங்கி அணைக்கும் பழக்கம் இருந்தால் உடனே நிறுத்துங்கள். பந்து நெஞ்செலும்பில் பட்டுத் தெறிக்கும். பந்தின் எடை 397 முதல் 425 கிராம், காற்றழுத்தம் 12.5 முதல் 13.5 பி.எஸ்.ஐ. அதற்கு மேல் காற்றடித்தால் கல்லாகிவிடும், விரல் கவ்வாது. ஏழு மீட்டர் தூரத்தில் நின்றபடி 20 பந்து, தோளுக்கு மேலே திரும்பிப் பார்த்தபடி 20 பந்து என்று தினமும் போதும். நின்று பிடிக்கத் தெரியாதவனை ஓடிப் பிடிக்கச் சொல்லாதீர்கள்.

வேகத்தைவிடப் பெரிய விஷயம் ‘ரூட்’, அதாவது முன்கூட்டியே முடிவு செய்த ஓட்டப் பாதை. வழக்கமாக இவற்றுக்கு எண் உண்டு. ஒற்றைப்படை என்றால் எல்லைக்கோட்டுப் பக்கம், இரட்டைப்படை என்றால் நடுத்திடல் பக்கம். நேரே கடைசிவரை ஓடுவது 9. வலது ஓரத்தில் நிற்பவன் 10 கெஜம், ஏறக்குறைய 9 மீட்டர், நேராக ஓடி வலப்புறம் வெட்டுவது 5. வெட்டும் இடத்தில் இடுப்பைத் தாழ்த்தி, நெஞ்சு முட்டிக்கு மேலே இருக்கும்படி, இடது காலை ஊன்றித் தள்ள வேண்டும். கால் உடம்பைவிட்டு அகலப் போனால், மழை பெய்த புல்லில் சறுக்கிவிடும். வெட்டுமுன் உடம்பு நிமிர்ந்தாலோ, குட்டிக்குட்டி எட்டு வைத்தாலோ, தடுக்க வருபவனுக்கு நாமே சொல்லிக் கொடுத்ததாகிவிடும். ஓட்டக்காரப் பிள்ளைகள் சறுக்குவது பெரும்பாலும் இங்கேதான். நேர்க்கோட்டில் ஓடிப் பழகிய கால் சட்டென்று நிற்காது.

இதற்கு ஓர் உதாரணம் கூப்பர் கப் (Cooper Kupp) என்ற ரிசீவர். சிறிய பிரிவில் ஆடும் ஈஸ்டர்ன் வாஷிங்டன் பல்கலைக்கழகத்துக்கு ஆடியவர். அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல்.-இன் 2017 ஆள்தேர்வுச் சோதனையில் 40 கெஜத்தை 4.62 வினாடியில் ஓடினார். ரிசீவருக்கு அது பெரிய வேகமில்லை. அணிகள் கல்லூரி ஆட்டக்காரர்களைச் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுக்கும்போது, மூன்றாம் சுற்றில்தான் அவரை எடுத்தார்கள். 2021 பருவத்தில் 145 பிடி, 1,947 கெஜம், 16 டச்டவுன் (பந்தை எதிரணியின் கடைசிக் கோட்டுக்கு அப்பால் சேர்ப்பது) என்று மூன்றிலும் என்.எஃப்.எல்.-இல் முதலிடம். பாதையைத் துல்லியமாக ஓடியதன் பலன் அது.

கேள்வி: என் தம்பி அமெரிக்கக் கல்லூரிக்குப் போனால் எத்தனை ஆண்டு ஆடலாம்? சம்பளம் உண்டா? எஸ்.பி.எம். போதுமா?
– ஓர் அக்காள், சுங்கை சிப்புட்

பதில்: நீண்ட காலமாக இருந்துவரும் கணக்கு, ஐந்து ஆண்டுக்குள் நான்கு பருவம். இந்த விதிகள் அடிக்கடி மாறுகின்றன, அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் தகுதி மையத்தில் அன்றைய விதியைப் பாருங்கள். நம் பிள்ளைகள் தெரியாமல் மாட்டிக்கொள்வது ஒன்று: எஸ்.பி.எம். முடித்ததும் இங்கே தனியார் கல்லூரியில் முழுநேர டிப்ளோமாவில் சேர்ந்தாலும் அந்த ஐந்து ஆண்டுக் கடிகாரம் ஓடத் தொடங்கிவிடும். என்.சி.ஏ.ஏ.-யின் மேல்மட்டமான முதல் பிரிவுக்கு 16 அடிப்படைப் பாடங்களும் அவற்றில் 4-க்கு 2.3 சராசரியும் தேவை. ஆகவே படிவம் நான்கின் மதிப்பெண்ணும் கணக்கில் வரும், தம்பியை அதில் கவனமாக இருக்கச் சொல்லுங்கள்.

பணம்: 2021 ஜூலை முதல் ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் விளம்பரத்துக்குக் கொடுத்துச் சம்பாதிக்கலாம். ஆனால் எஃப்-1 மாணவர் விசாவில் போகிறவருக்கு வேலைக் கட்டுப்பாடு உண்டு. பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தைக் கேட்காமல் எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்துப் போடக் கூடாது, விசாவே போய்விடக்கூடும். என்.எஃப்.எல். அணிகளின் ஆள்தேர்வுக்கு உயர்நிலைப் பள்ளி முடித்து மூன்று ஆண்டு ஆகியிருக்க வேண்டும். தேர்வு ஏழு சுற்று.

இங்கிருந்து தொடங்க நல்ல வழி ஃப்ளேக் காற்பந்து. பக்கத்துக்கு ஐந்து பேர், இடித்துத் தள்ளுவது கிடையாது, இடுப்பில் தொங்கும் கொடியை உருவினால் ஆட்டம் நின்றுவிடும். தலைக்கவசம், தோள் அட்டை எதுவும் வாங்க வேண்டாம். 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் இதுவும் இடம்பெறுகிறது.

கேள்வி: ஒல்லியான பையன் ரிசீவர் ஆக முடியுமா?
– படிவம் ஐந்து மாணவர், சுங்கை சிப்புட்

பதில்: முடியும். அலபாமா பல்கலைக்கழகத்துக்கு ஆடிய டிவான்டா ஸ்மித் 80 கிலோகூட இல்லை. ஆண்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் விருது 2020-இல் அவருக்குத்தான். 1991-க்குப் பிறகு அதை வாங்கிய முதல் ரிசீவர்.

கேள்வி: கல்லூரி ஆட்டத்தில் செல்லும் பிடி, என்.எஃப்.எல்.-இல் செல்லாமல் போவது ஏன்?
– அதே மாணவர்

பதில்: கல்லூரியில் ஒரு கால் எல்லைக்குள் பட்டால் போதும், என்.எஃப்.எல்.-இல் இரண்டு காலும் பட வேண்டும். பயிற்சியில் எப்போதும் இரண்டு காலுக்கே பழகுங்கள். கோட்டோரம் ஒரு கயிற்றைப் போட்டு, பிடித்ததும் பின்காலின் பெருவிரலைப் புல்லில் இழுத்துப் பாருங்கள்.